கடைசி ஆள் வந்தாச்சா?

மேலே கொக்கியில் தொங்கும் சைக்கிள் டியூப்களில் எது நீளமோ, அதன் அடிவளைவைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டால்தான் ஜேசுபாதம் மிராந்தாவுக்கு டிவி பார்க்க வரும். இறுக்கிப் பிடிப்பதில்லை. பிடித்ததும் தெரியக்கூடாது, விட்டதும் தெரியக்கூடாது, அப்படி ஒரு பிடி. "வே, அது விக்கிற சரக்குவே. நீரு பிடிச்சுப் பிடிச்சே ஒரு டியூபு கழுதக் காதாட்டம் நீண்டு போச்சு" என்று கடைக்காரர் செந்தூர்வேல் தினமும் ஒருமுறை சொல்லிவிடுவார். ஜேசுபாதம் அசட்டுச் சிரிப்புடன் கையை எடுத்துவிடுவார். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கை பழைய இடத்திலேயே இருக்கும்.

திரேஸ்புரம் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கடை. பஞ்சர் ஒட்டுகிற கடையாகத் தொடங்கியது, இப்போது காலையில் தொப்பையைக் குறைக்கக் கிளம்பும் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் கியர் சைக்கிள் விற்கிற கடையாக வளர்ந்துவிட்டது. மே மாதம் இத்தாலியில் மூன்று வாரம் நடக்கிற பெரிய சைக்கிள் பந்தயத்தைக் கடை டிவியில் ஓடவிடுவது செந்தூர்வேலின் வியாபார யுக்தி. நம் ஊர்ச் சாயங்காலத்தில் சூடுபிடித்து, கடை சாத்துகிற நேரத்துக்கு முடியும். நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களில் இதுவரை கியர் சைக்கிள் வாங்காதவரும், இனிமேல் வாங்கப் போகாதவரும் ஜேசுபாதம் ஒருவர்தான்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. தொழில், சங்கு குளிக்கிற வள்ளத்தில் ஓஸ் பிடிப்பது. அவருடைய தங்கை ஷெர்லினின் புருஷன் பெவின் கடலுக்கடியில் இறங்கிச் சங்கு பொறுக்குவான். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்று போகிற ரப்பர்க் குழாய்தான் ஓஸ். அதன் ஒரு முனை பெவினின் வாயில் இருக்கும், நடுப்பகுதி ஜேசுபாதத்தின் கையில் இருக்கும். கீழே இருப்பவன் நகர நகரக் குழாயை விட்டுக்கொடுக்க வேண்டும், திரும்பினால் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு இழுப்பு இழுத்தால் 'மேலே வா' என்று அர்த்தம். காலையில் போய் மத்தியானத்துக்குமேல் கரைக்கு வந்துவிடுவார்கள்.

இந்தக் கரையில் அந்த வேலையை மச்சான்தான் செய்ய வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி முத்துக் குளித்த காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் போனால் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடும், மச்சானுக்கோ தங்கையின் தாலி போகும். யார் கை அசந்து போகாது என்று அந்தக் காலத்து ஆட்கள் மனிதக் குணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள். கடலில் குதிப்பதற்கு முன்னால் பெவின் தினமும் குழாயை எடுத்து ஜேசுபாதத்தின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய நாலு விரலையும் தன் கையாலேயே மடக்கிவிடுவான். பேச்சு எதுவும் கிடையாது. பதினோரு வருஷமாக அவர்களுக்குள் இருக்கிற காலை வணக்கம் அதுதான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு இத்தாலிப் பந்தயத்தில் என்ன ஜோலி என்று கேட்டால், அது ஒரு பெயரில் ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஞ்சர் ஒட்ட வந்தவர் டிவியைப் பார்த்தார். திரையில் ஒரு பெயர்ப் பட்டியல் ஓடியது. அதன் அடியில், கடைசி வரியில், மிராந்தா என்று இருந்தது. அவருடைய மீனவர் அடையாள அட்டையில் இருக்கிற அதே எழுத்துகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாமிடம், "சார், இந்த மிராந்தா எந்த ஊரு? மணப்பாடா, புன்னக்காயலா? பெரியதாழையிலயும் எங்க குடும்பம் ரெண்டு வீடு உண்டு" என்று கேட்டார். ஷாம் நாசரேத்துக்காரர், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், சிரிக்காமல் பதில் சொல்லப் பழகியவர். "இல்ல அண்ணே, இவரு போர்த்துகல்" என்றார். ஜேசுபாதம் அசரவே இல்லை. "அப்ப மூத்த வீடு. அங்கருந்துதான நமக்குப் பேரு வந்துது" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அப்புறம் எந்த மே மாதமும் எழுந்திருக்கவில்லை. நூனோ மிராந்தா பந்தயத்தில் ஜெயிக்க வந்தவனில்லை. அவனுடைய கட்சிக்கு ஒரு தலைவன் உண்டு. தலைவன் ஜெயிப்பதற்காகக் காற்றுக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்து ஓட்டுவது, பின்னால் வருகிற காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு போய்க் கொடுப்பது, மலை வந்ததும் சக்தியெல்லாம் தீர்ந்து கடைசியில் தள்ளாடி வருவது, இவ்வளவுதான் அவன் வேலை. செந்தூர்வேல் ரோஸ் சட்டைக்காரனின் ரசிகர். யார் முதலிடத்தில் இருக்கிறானோ அவனுக்கு ரோஸ் சட்டை போடுவார்கள், யார் அதைப் போட்டாலும் செந்தூர்வேல் அவன் பக்கம். ரோஸ் சட்டைக்கு ஆபத்து வந்துவிட்டால், விற்பனைக்கு நிற்கிற சைக்கிளின் பெடலைப் பின்பக்கமாகக் கரகரவென்று சுற்ற ஆரம்பித்துவிடுவார். ஷாம் யாருக்கும் ரசிகரில்லை, எண்களுக்கு மட்டும்தான். ஜேசுபாதத்துக்கு முதலில் வருகிறவன் யாரென்றே தெரியாது. ஜெயித்தவன் கோட்டைத் தாண்டி, கடை முழுக்க எழுந்து நின்று கத்தி ஓய்ந்த பிறகு, அவர் மெதுவாகக் கேட்பார்: "கடைசி ஆள் வந்தாச்சா?"

எங்கே போனாலும் இதே கேள்விதான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவிப் போன பிறகு, ஓரத்தில் இலைக்கு முன்னால் இருக்கிற கிழவருக்கு மோர் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பூசை முடிந்தால் கோவில் வாசலில் ஒதுங்கி நின்று கடைசியாக வெளியே வருகிற ஆளைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார். பேருந்தில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் நடத்துனருக்கு முன்னால் இவர் விசிலடித்துவிடுவார். "ஒம்மள ஆடு மேய்க்கிறதுக்குப் படைக்க வேண்டியது, தப்பித் தவறி கடல்ல விட்டுட்டாரு கடவுள்" என்று செந்தூர்வேல் கிண்டல் செய்வார்.

கிண்டல் செய்கிறவருக்கும் காரணம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் பெவின் கீழே இருந்தபோது, துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கப்பல் வெளியேறியது. ஜேசுபாதம் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பார்த்தது அவ்வளவு நேரம்கூட இல்லை. திரும்பியபோது, தண்ணீரில் மேலே வந்துகொண்டிருந்த காற்றுக் குமிழிகள் நின்றிருந்தன. வள்ளத்தின் விளிம்பில் குழாய் மடங்கி நசுங்கிக் கிடந்தது. இழுத்துப் போட்டபோது பெவினின் மூக்கிலும் காதிலும் ரத்தம். பிழைத்துவிட்டான். வலது பாதம் மட்டும் மரத்துப் போய்விட்டது. செருப்பு கழன்று போனால்கூட அவனுக்குத் தெரியாது, நாலு தப்படி தள்ளிப் போன பிறகு யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஷெர்லின் அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ பிடிச்சிருக்கேன்னுதாண்ணே நான் வீட்ல ஒறங்குதேன்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அன்றோடு பீடியை விட்டார். உறக்கமும் அவரை விட்டது.

அதன் பிறகுதான் அவர் இழுக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் கீழே இருக்கிறவனை அரை மணியில் இழுத்தார். அப்புறம் இருபது நிமிடம். குமிழி கொஞ்சம் மெலிந்தால் இழுப்பு, மேகம் வந்தால் இழுப்பு, தூரத்தில் கப்பல் தெரிந்தால் இழுப்பு. பெவின் நல்ல சங்குப் படுகையில் கையை வைத்திருக்கும்போது மேலேயிருந்து இரண்டு வெட்டு வெட்டும். ஒன்றுமில்லை என்று அவன் கீழேயிருந்து பதில் இழுப்பு இழுத்தாலும் இவருக்கு மனசு கேட்காது.

டிவிக்கு முன்னாலும் இதே கூத்துதான். உலகத்தில் எல்லா ரசிகர்களும் தன் ஆள் ஜெயிக்க வேண்டும் என்று கத்துவார்கள். தன் ஆள் பந்தயத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கெஞ்சுகிற ஒரே ரசிகர் ஜேசுபாதம்தான். ஓட்ட முடியாமல் விழுகிறவர்களை ஏற்றிக்கொள்ள எல்லோருக்கும் பின்னால் ஒரு வண்டி வரும். வழித்துப் பெருக்கிக்கொண்டு வருகிற வண்டி என்பதால் அதற்குத் துடைப்பத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று ஷாம் சொன்னதிலிருந்து, ஜேசுபாதத்துக்கு அது வாரியல் வண்டி. மலை ஏற்றத்தில் மிராந்தா வாயைப் பிளந்துகொண்டு ஒருபக்கம் சாய்ந்து வருவதைக் காட்டினால் போதும், இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "ஏறிருய்யா. வாரியல் வண்டில ஏறிரு. போதும்யா, நீ பட்டது போதும்" என்று டிவியைப் பார்த்துச் சொல்வார். கையிலுள்ள டியூப் இரண்டு தடவை வெட்டும். மிராந்தா ஒருநாளும் ஏறியதில்லை.

மற்றவர்களுக்கு இரக்கம் கிடையாது. காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வாட்சப் குழுவில் வருவதையெல்லாம் செந்தூர்வேல் சத்தம் போட்டுப் படிப்பார். "இவன் சைக்கிள்ல வாரானா, சப்பரம் தூக்கிட்டு வாரானா?" "இவனுக்குப் பின்னால வார ஆம்புலன்சுக்கே அலுப்புத் தட்டிருக்கும்." வேகம் பார்க்கப் போய் விளக்குக் கம்பத்தில் மோதிய பல் டாக்டர்தான் இதையெல்லாம் அதிகம் எழுதுகிறவர். ஜேசுபாதம் சாதுவான மனிதர், ஆனாலும் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி, மொத வாரவன் அவனுக்காக வாரான். கடைசில வாரவன் அடுத்தவனுக்குத் தண்ணி சொமந்துட்டு வாரான். எழுதுத மூதிகிட்டச் சொல்லும்." சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. அன்று தேநீருக்கு அவர்தான் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் மலைகளில் பனி. சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வெட்டி ஒதுக்கிய வெள்ளைச் சுவர். தூத்துக்குடியில் மின்விசிறியே வெந்நீர் மாதிரிக் காற்றை வீசுகிற மே மாதத்தில், அந்தப் பனியைப் பார்த்து ஜேசுபாதத்துக்கு நடுக்கமே வந்துவிட்டது. நேரே பனிமய மாதா கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். "பனிக்கெல்லாம் அவ பேருலதான கோயிலு. இங்க ஒரு சொட்டுப் பனி கெடையாது, இத்தன வருசமா சும்மாத்தான இருக்கா, இத ஒண்ணப் பாக்கட்டும்" என்றார். ஆனால் கடைசி வாரத்து வியாழக்கிழமை, ஈரமான இறக்கத்தில் மிராந்தா சறுக்கி விழுந்தான். முழங்கையிலிருந்து இடுப்புவரை தோல் வழன்றுவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறி ஓட்டினான்.

அந்த வாரமே கடலிலும் சரியில்லை. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, பெவினுக்கு எட்டுப் பாகத்தில் நல்ல படுகை ஒன்று கிடைத்தது. ஜேசுபாதம் நாலு தடவை இழுத்தார். நாலாவது தடவை பெவின் மேலே வந்து, வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"நான் என்ன தூண்டில்ல மாட்டுன மீனா மச்சான், இழுத்து இழுத்துப் பாக்கதுக்கு? படக்கு படக்குன்னு மேல தூக்குனாத்தான் எனக்கு மிச்சக் காலும் போவும். டாக்டர் சொன்னது ஒங்களுக்கும் தெரியும்லா?"

"குமிழி கொறஞ்சுது மாப்ள..."

"குமிழி கொறையல. ஒங்களுக்குத்தான் பயம் கூடிட்டு. திங்கக்கெழமையிலருந்து தம்பி பிடிப்பான்."

தம்பி என்றால் பெவினின் கூடப்பிறந்தவன். கரையில் யாரும் செய்யாத காரியம். வியாழனும் வெள்ளியும் கச்சான் காற்று பலமாக அடித்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஜேசுபாதம் குழாயை நல்ல தண்ணீரில் கழுவி, வீட்டுக் கொல்லையில் சுருள் போட்டுத் தொங்கவிட்டார். அது எப்போதும் அவர் வீட்டில்தான் இருக்கும். பெவின் சொன்னதில் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் அவரை அரித்தது. கையை விட்டாலும் அவனுக்கு ஆபத்து, கை பதறினாலும் அவனுக்கு ஆபத்து. வேறொருவன் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சனிக்கிழமை கடைசி மலை. அதைத் தாண்டிவிட்டால் மறுநாள் ரோமாபுரியில் சமதரையில் ஓட்டம் முடிகிறது. தாண்டுவதற்கு ஒரு கெடு உண்டு. ஜெயித்தவன் வந்து இத்தனை நிமிடத்துக்குள் வராதவனைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். மூன்று வாரம் ஓட்டியிருந்தாலும் ஓட்டாத மாதிரிதான். செந்தூர்வேலின் ரோஸ் சட்டைக்காரன் ஜெயித்து, பெடல் சுற்றி, சத்தமெல்லாம் அடங்கிய பிறகு ஷாம் கைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கு நாற்பத்தோரு நிமிஷம் அண்ணே. எட்டு இருபத்தொண்ணுக்குள்ள வரணும்." அப்போது மணி எட்டு. மிராந்தா எங்கே என்று திரை காட்டவே இல்லை.

அந்த நேரத்தில்தான் பெவின் கடைக்குள் வந்தான். வாசற்படியில் வலது செருப்பு கழன்று கிடந்தது, அவன் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து நின்றான். ஜேசுபாதம் எழுந்து போய் அதை எடுத்துவந்து அவன் காலடியில் போட்டுவிட்டு, மறுபடியும் உட்கார்ந்து டியூபைப் பிடித்துக்கொண்டார்.

"ஷெர்லின் சொல்ல மாட்டேங்கா. நீயே போய்ச் சொல்லுன்னுட்டா" என்று பெவின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஓஸு ஒங்க வீட்லதான கெடக்கு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் தம்பி வந்து எடுத்துக்கிடுவான்."

ஜேசுபாதம் திரும்பவில்லை. "சரி மாப்ள. நல்லா அலசித்தான் போட்ருக்கேன்" என்றார். டிவியைப் பார்த்தபடியே, "இரி. இந்தப் பய வரட்டும்" என்றார். பெவின் போகலாமா இருக்கலாமா என்று நின்றுவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

எட்டேகாலுக்கு முன்னால் திரையில் மிராந்தா தெரிந்தான். கோட்டுக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். அவன் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, கைப்பிடியில் நெற்றியை வைத்துக் குனிந்து நின்றிருந்தான். கட்டுத் துணி அவிழ்ந்து பனிக்காற்றில் ஆடியது. அவனுக்குப் பின்னால் அவன் கட்சியின் கார், கதவைத் திறந்துகொண்டு ஒரு ஆள் இறங்கி வந்தான்.

"முடிஞ்சுது" என்றார் செந்தூர்வேல். "ஏறச் சொல்லும்வே ஒம்ம சொந்தக்காரன. செத்துகித்துத் தொலையப் போறான்." ஷாம் ஏதோ பெருக்கி வகுத்துப் பார்த்துவிட்டு, "இப்பவே எடுத்தாக்கூட டவுட்டுதான்" என்றார். குழுவில் பல் டாக்டர் ஒரு பாடையின் படத்தைப் போட்டிருந்தார். எல்லோரும் ஜேசுபாதத்தைப் பார்த்தார்கள். வழக்கமான கெஞ்சல் வரும் என்று காத்திருந்தார்கள். பெவினும் அவரைத்தான் பார்த்தான், அவர் முகத்தையல்ல, கையை.

கை விறைத்திருந்தது. டியூப் கீழே இழுபட்டுக் கம்பி மாதிரி நின்றது. ஜேசுபாதத்தின் கண்ணுக்கு முன்னால் இருந்தது பனியல்ல, குமிழி நின்றுபோன தண்ணீர்தான். இழு, இழு என்று உடம்பெல்லாம் சொன்னது. இரண்டு வெட்டு வெட்டினால் தீர்ந்தது, அப்புறம் யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது. அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் குனிந்திருந்த மிராந்தாவின் முதுகு அவர் கண்ணில் பட்டது. அது ஏறியது, இறங்கியது. மறுபடியும் ஏறியது.

"மூச்சு வாங்குதான்லா" என்றார் ஜேசுபாதம். குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது. "வாங்கட்டும். அவனுக்குத் தெரியும்."

விரல் தளர்ந்தது. இழுபட்டிருந்த டியூப் ஒரு சாண் மேலே ஏறிப் பழைய நிலைக்குப் போனது. அவர் இன்னும் பிடித்துத்தான் இருந்தார், ஆனால் இழுக்கவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கவுமில்லை.

மிராந்தா தலையை நிமிர்த்தினான். காரிலிருந்து இறங்கியவனிடம் ஏதோ சொன்னான், அவன் பின்வாங்கினான். காலைப் பெடலில் வைத்து, ஒரு மிதி, விழப் போய்ச் சுதாரித்து இன்னொரு மிதி. திரை வேறெங்கோ போய்விட்டது. ரோஸ் சட்டைக்காரனைப் பேட்டி கண்டார்கள். செந்தூர்வேலே, "அட, அவன விடுங்கலே, இவனக் காட்டுங்க" என்று கத்தினார். எட்டுப் பத்தொன்பது ஆனது. எட்டு இருபது ஆனது. ஷாம் நொடிகளை எண்ண ஆரம்பித்தார். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, ஜேசுபாதம் ஒருவரைத் தவிர. கோட்டுக்கு மேலே இருக்கிற கேமராவில் தூரத்தில் ஒரு புள்ளி வளைவில் திரும்பியது. அது வருகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஒன்பது நொடி மிச்சமிருக்கும்போது மிராந்தா கோட்டைத் தாண்டி, யாரோ ஒருவர் கையில் சாய்ந்தான்.

கடையில் போட்ட கூச்சலில் எதிர்த்த மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மூன்று வருஷமாக அவனைக் கரித்துக் கொட்டிய செந்தூர்வேல், "எங்க மிராந்தா! எங்க திரேஸ்புரத்து மிராந்தா!" என்று குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். ஜேசுபாதமும் எழுந்து கை தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவர் மறைக்கவுமில்லை. டியூப் கையிலிருந்து நழுவிக் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்கியது. செந்தூர்வேல் வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள்களை உள்ளே எடுத்து வைத்தார், ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். ஜேசுபாதம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"சார், கடைசி ஆள் வந்தாச்சா?"

"உங்காள்தான அண்ணே கடைசி" என்ற ஷாம், பழக்கத்தில் கைபேசியை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "இல்ல. இன்னும் ஒருத்தன் இருக்கான். நார்வேக்காரன். இருபத்திரண்டு வயசு, முதல் பந்தயம் போலிருக்கு. ரெண்டு தடவ பஞ்சராம்."

"வாரியல் வண்டில ஏறிட்டானா?"

"ஏறலயாம். வாரான். ஆனா அவனுக்கு டைம் முடிஞ்சு போச்சு அண்ணே. இனி வந்தாலும் கணக்குல கிடையாது."

"வாரான்லா?" என்று கேட்டுவிட்டு ஜேசுபாதம் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் பரிசு மேடை, பூச்செண்டு, நுரை பொங்குகிற புட்டி. அந்த நார்வேக்காரன் எங்கேயும் இல்லை. "பேரு வாயில நுழையாத பய. அவனுக்கும் வீட்ல ஆளு உண்டும்லா" என்று யாருக்கும் சொல்லாமல் சொன்னார். வலது கை தொடையின் மேல் திறந்து கிடந்தது.

"கடைய அடைக்கணும்வே" என்றார் செந்தூர்வேல்.

"அண்ணாச்சி, பத்து நிமிசம்" என்று பெவின் சொன்னான்.

அவன் முன்னால் வந்து, கொக்கியில் தொங்கிய டியூபின் அடிவளைவை எட்டிப் பிடித்தான். அதைக் கொண்டுவந்து ஜேசுபாதத்தின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய நாலு விரலையும் தன் கையாலேயே மடக்கிவிட்டான்.